நாலடிப் பலகையில் தனுஷ்கோடி

வீட்டுக்குள் ரயில் விடுவது என்று சொன்னால் நம்மவர்களில் பலருக்குச் சிரிப்பு வரும். சாவி கொடுத்தவுடன் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடி, இரண்டு நிமிஷத்தில் களைத்து நின்றுவிடும் தகர ரயிலைத்தான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மேல்நாடுகளில் இது பெரியவர்களும் பயிலும் ஒரு கலை. உண்மையான ஒரு ஸ்டேஷனையோ துறைமுகத்தையோ எடுத்துக்கொண்டு, அளவு பிசகாமல் சிறியதாக்கி, அங்கே வண்டிகள் எவ்வாறு வந்து போயினவோ அவ்வாறே ஓட்டிக் காட்டுகிறார்கள். இதற்குப் பெரிய மாளிகை வேண்டியதில்லை. புஸ்தக அலமாரியின் ஒரு தட்டே போதும்.

இப்படிக் குறுகிய இடத்தில் அமைப்பவர்களுக்குத் துறைமுக ரயில் என்றால் தனிப் பிரியம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. சாதாரண ஸ்டேஷனில் பாதை இரு பக்கமும் நீண்டுகொண்டே போகும். அதை எங்கே வெட்டி நிறுத்துவது என்பதே பெரிய சங்கடம். துறைமுகத்திலோ கடல் வந்து குறுக்கே நின்று, "இதோடு நில்!" என்று சொல்லிவிடுகிறது. பலகை முடிகிற இடத்தில் பாதை முடிவது அங்கே இயற்கையாகத் தோன்றுகிறது. மேலும், துறைமுகத்தில் வண்டிகளை ஓயாமல் பிரிப்பதும் சேர்ப்பதுமாக வேலை இருக்கும். சின்ன எஞ்சின், குட்டையான கூட்ஸ் வண்டிகள், நிறைய வேலை! சிறிய இடத்துக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்?

இங்கிலாந்தில் வேமத் என்னும் ஊரில் 1865-ஆம் வருஷம் போட்ட துறைமுக டிராம் பாதை ஒன்று இருந்தது. ரயில் வண்டி கடைத்தெரு வழியாக மெல்ல ஊர்ந்து, கப்பல் நிற்கும் இடத்துக்கே பிரயாணிகளைக் கொண்டு சேர்க்கும். 1987-ல் அந்த வழக்கமான வண்டி நின்றுபோயிற்று. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். ஆனால் மாதிரி ரயில் பிரியர்கள் அதை மறக்கவில்லை.

நமது நாட்டில் இத்தகைய பாதைகளுக்குப் பஞ்சமா? சென்னையில் 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தையும் நகரத்தின் உட்பகுதிகளையும் இணைத்து ஓடிய அந்த டிராம், இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் என்ற பெருமை உடையது. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியுடன் அது நின்றது. அதையும் மாதிரியாகச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆயினும் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு எழுதும் நமக்கு, நமது ஊர்த் தண்டவாளத்தின் மறு நுனியில் இருந்த துறைமுகமே முதலில் நினைவுக்கு வருகிறது. அதுதான் தனுஷ்கோடி.

நமது ஊருக்கும் அதற்கும் என்ன உறவு?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் பாதை வந்தது 1875-ஆம் வருஷம். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902-ல் பாதை நீண்டது. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், ரயில் கடலைத் தாண்டித் தீவுக்குள் புகுந்து தனுஷ்கோடி வரையில் ஓடிற்று. அங்கே துறைமேடையின் அருகிலேயே ஸ்டீமர் காத்திருக்கும். இருபது மைலுக்குச் சற்று அதிகமான கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரையில் போய்விடலாம். "போட் மெயில்" என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குக் குறுக்குப் பாதை 1930-ல் பூர்த்தியாகும் வரையில், அந்தப் போட் மெயிலுக்குத் திண்டுக்கல்லைத் தவிர வேறு வழி கிடையாது. நமது பிளாட்பாரத்தில் நின்று, அப்பால் போய்த்தான் அது சமுத்திரத்தைத் தொட்டது.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் எல்லாம் அழிந்தன. பாம்பனிலிருந்து சென்ற பிரயாணி வண்டி ஒன்று, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் கடலுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலத்தை நாற்பத்தாறு நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடியையோ மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் கைவிட்டுவிட்டது.

இன்று அங்கே நல்ல சாலை இருக்கிறது. கூரையற்ற மாதா கோயிலையும் ஸ்டேஷன் சுவர்களையும் யாத்திரிகர்கள் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புகிறார்கள். இடிபாட்டைக் காண மாதிரி வேண்டியதில்லை. நேரே போய்க் காணலாம். எங்கும் போய்க் காண முடியாதது ஒன்றே ஒன்று: அந்த ஊர் வேலை செய்த விதம். வண்டி வருவது, பெட்டிகள் கப்பலருகே நிற்பது, மூட்டைகள் இறங்குவது, தபால் பைகள் கைமாறுவது, மீண்டும் வண்டி புறப்படுவது ஆகிய இவற்றைப் போட்டோ காட்டாது. இடிந்த சுவரும் காட்டாது. ஓடுகிற மாதிரி ஒன்றுதான் காட்டும். ஆகவே புயலுக்குப் பின்னுள்ள தனுஷ்கோடியை அல்ல, புயலுக்கு முன் ஒரு சாதாரண நாளின் தனுஷ்கோடியையே நாம் அமைக்கப் போகிறோம்.

அளவைத் தீர்மானித்தல்

நமது பக்கத்து ரயில் பாதை அன்று மீட்டர் கேஜ். அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். மாதிரி ரயில்களுக்காகக் கடைகளில் விற்கும் தண்டவாளங்களில் 9 மில்லிமீட்டர் அகலமுள்ளது எளிதில் கிடைக்கிறது. ஒரு மீட்டரை 9 மில்லிமீட்டராகச் சுருக்கினால் ஏறக்குறைய நூற்றுப் பதினொன்றில் ஒரு பங்கு. இதுவே நமது அளவு. தண்டவாளமும் எஞ்சினின் அடிப்பாகமும் கடையில் வாங்கியவை. மேற்கூடும் பெட்டிகளும் கெட்டி அட்டையில் நமது கையாலேயே செய்தவை என்று வைத்துக்கொள்வோம்.

இனிமேல் கணக்கைப் பாருங்கள். நாலு அடி நீளப் பலகை, உண்மையில் 135 மீட்டருக்குச் சமம். ஓர் அடி அகலம் 34 மீட்டர். ஐந்தரை அடி மனிதர் 15 மில்லிமீட்டர் உயரம் நிற்பார். ஆறு மீட்டர் கூட்ஸ் வண்டி ஐந்தரை சென்டிமீட்டர் ஆகும். பாம்பன் பாலத்தையும் சேர்த்துவிட்டால் என்ன என்று ஆசைப்படுகிறவர்கள் பதினெட்டரை மீட்டர் நீளமுள்ள கூடம் ஒன்றைத் தேடிக்கொள்ளவேண்டும். தலைமன்னாரைக் காட்ட விரும்பினாலோ முந்நூறு மீட்டர் அப்பால், அடுத்த தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது அனுமதி கேட்க வேண்டியதுதான்!

ஆகவே 135 மீட்டருக்குள் ஓர் ஊர் முழுவதும் அடங்காது. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதா கோயில், தபாலாபீஸ் எல்லாவற்றையும் திணித்தால் அது சந்தைக் கடைபோல் ஆகிவிடும். இடம் குறைவாக இருக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதை வைக்கலாம்?" என்பதன்று, "எது இல்லாவிட்டால் இது தனுஷ்கோடியாகாது?" என்பதே. நமது பதில்: மணல், இரு பக்கமும் கடல், துறைமேடை, அதன்மேல் ரயில், அருகில் கப்பல், ஒரு சுங்கக் கொட்டகை. இந்த ஆறும் போதும். மற்றவற்றைப் பார்ப்பவர் மனம் தானே கற்பித்துக்கொள்ளும்.

பாதையின் திட்டம்

இது நிஜத் துறைமேடையின் படத்தைப் பிரதி எடுத்ததன்று. அதன் தன்மையைக் கொண்டு நாம் வகுத்த திட்டம். பலகை 120 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம். இடது பக்கம் கரை. வலது பக்கம் கடல்.

இடது ஓரத்திலிருந்து 26 செ.மீ. வரையில் ஒற்றைப் பாதை. பிறகு ஒரு பாயிண்ட். அதை அடுத்து இன்னொரு பாயிண்ட். ஒவ்வொன்றும் சுமார் 12 செ.மீ. நீளம். இரண்டு பாயிண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பக்கப் பாதை பிரிந்து, சுங்கக் கொட்டகையின் ஓரமாகச் சென்று முடியும். அவை ஒவ்வொன்றிலும் மூன்று கூட்ஸ் வண்டிகள் நிற்கும்படி 18 செ.மீ. இடம் வேண்டும். நேர்ப் பாதை மட்டும் தொடர்ந்து 50 செ.மீ. ஓடித் துறைமேடையின் நுனியில் முடியும். எஞ்சிய 20 செ.மீ. வெறும் கடல். இந்த வெற்றிடத்தை வீண் என்று எண்ணி அங்கே ஒரு கட்டடம் கட்டிவிடாதீர்கள்! கடலுக்குக் கொடுத்த இடந்தான் கரைக்கு அழகு.

இடது ஓரத்துக்கு அப்பால், வேண்டும்போது மாட்டிக் கழற்றக் கூடிய இரண்டரை அடிப் பலகை ஒன்று. நாடகமேடைக்கு ஒப்பனை அறை எப்படியோ, அப்படி இது. மணல் மேடும் நான்கு பனைமரமும் இதை மறைக்கும். மெயில் வண்டி இந்த மறைவிலிருந்து மேடைக்கு வரும். திரும்பவும் மறைவுக்கே போகும். திண்டுக்கல்லும் மதுரையும் எழும்பூரும் எல்லாம் அந்தப் பனைமரங்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. துறைமேடையில் எஞ்சின் முன்னால் சென்றால், நுனியில் அகப்பட்டுக்கொள்ளும். சுற்றி வெளியே வர இன்னொரு பாதை வேண்டும். அதற்கு இடமில்லை. ஆகையால் எஞ்சின் பெட்டிகளை முன்னே தள்ளிக்கொண்டு வரட்டும். பெட்டியின் நீளத்தைச் சற்றே சுருக்கி 15 செ.மீ. என்று வைத்தால், மூன்று பெட்டிகள் துறைமேடைப் பாதையில் கச்சிதமாக நிற்கும். எஞ்சின் கரையிலேயே இருக்கும். திரும்பிப் போகும்போது எஞ்சின் தானாகவே முன்னால் ஆகிவிடும்.

மெயில் போனபிறகு கூட்ஸ் வேலை ஆரம்பம். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் "இங்கிள்நூக்" என்ற சிறு அமைப்பில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. எட்டு வண்டிகள், நீண்ட பாதையில் ஐந்து நிற்கும், குட்டைப் பாதைகளில் மும்மூன்று. இடது பக்கத்தில் ஒரு கைகாட்டி மரம் நட்டு, அதைச் சிறிய எஞ்சினும் மூன்று வண்டிகளுமே எட்டலாம், தாண்டக்கூடாது என்று விதி செய்யவேண்டும். எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே வண்டிகளைக் கோத்து நிறுத்த வேண்டும். முதல் இடத்துக்கு எட்டு வகை, அடுத்ததற்கு ஏழு, பிறகு ஆறு, ஐந்து, நாலு. பெருக்கினால் 6,720 வரிசைகள். தினம் ஒன்று வீதம் ஆடினாலும் பதினெட்டு வருஷம் தீராது. வகுப்பில் பெருக்கல் கணக்கென்றால் முகம் சுளிக்கும் பையன், இந்தக் கணக்கைத் தானே வந்து கேட்பான்.

வண்டிகளில் சரக்கு ஏற்றுவது அவரவர் விருப்பம். ஒன்றில் திண்டுக்கல் புகையிலைச் சிப்பம், ஒன்றில் வெங்காய மூட்டை, ஒன்றில் பூட்டுப் பெட்டி என்று ஏற்றினால் எந்த வண்டி எது என்று அடையாளமும் தெரியும். ஊர்ப் பெயரும் நிலைக்கும்.

மரமும் மணலும் கடலும்

பலகையில் ஆணி அடிப்பதற்கு முன்னால், பழைய பத்திரிகைத் தாளைத் தரையில் ஒட்டி, அதன்மேல் முழு அளவில் பாதையை வரையுங்கள். வண்டிகளின் நீளத்துக்கு அட்டைத் துண்டுகள் வெட்டி, கோட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். காகிதத்தில் அகப்பட்ட பிழைக்கு ஒரு ரப்பர் செலவு. பலகையில் அகப்பட்ட பிழைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு.

நமது சீமையின் வெயிலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வெப்பம் இருபது டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். பொருத்துகளில் மயிரிழை இடைவெளி விடாவிட்டால், சித்திரை மாதத்தில் பாதை வளைந்துகொள்ளும். ஐப்பசி ஈரத்தில் பலகை உப்பும். அதனால் அடியிலும் மேலும் வர்ணம் பூசி, குறுக்குச் சட்டம் கொடுக்கவேண்டும். ஓட்டுவதற்கு 12 வோல்ட் மின்சாரமே போதுமானது. அதைத் தரும் நல்ல சாதனத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே தொடுப்பது உயிருக்கு அபாயம்.

துறைமேடையின் தூண்களுக்கு மூங்கில் குச்சிகள். பனைமட்டைக்குப் பச்சைக் காகிதத்தை விசிறிபோல் கத்தரித்துக்கொள்ளலாம். மணலுக்கு மணலேதான், ஆனால் மெல்லிய துணியில் சலித்தது. சாதாரண மணலின் ஒரு பொடி நமது அளவில் கூழாங்கல்லாகத் தோன்றும்.

கடலை அமைப்பதில்தான் ரசனை வேண்டும். அந்தப் பக்கத்து ஜனங்கள் வங்காள விரிகுடாவைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள்; முன்னது அமைதி, பின்னது ஆவேசம். பலகையின் பின்பக்கத்துக் கடலைச் சமனாக விட்டு, இளநீல வர்ணத்தின்மேல் வார்னிஷ் மூன்று பூச்சுப் பூசுங்கள். முன்பக்கத்துக் கடலில் பசையில் ஊறிய மெல்லிய காகிதத்தைச் சுருக்கி அலையாக்கி, கரும்பச்சை தீட்டி, அலைநுனியில் மட்டும் வெள்ளை தொடுங்கள். ஒரு சாண் அகலத்தில் இரண்டு சமுத்திரம்! இந்த ஒரு வித்தியாசத்திலேயே தனுஷ்கோடியை அறிந்தவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள்.

கப்பலை முழுதாகச் செய்ய நினைக்கவேண்டாம். எழுபத்தைந்து மீட்டர்க் கப்பல் ஒன்று நமது அளவில் 67 செ.மீ. ஆகி, பலகையில் பாதியை விழுங்கிவிடும். முன்பாதியை மட்டும் செய்து, மற்றப் பாதி பலகையின் ஓரத்துக்கு அப்பால் இருப்பதாக விட்டுவிடலாம். ஆரம்ப காலத்தில் அந்தத் துறையில் ஓடிய ஸ்டீமர்களுக்குக் கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று பெயர். மூவரும் வைசிராய்கள்! நம்மை ஆண்டவர்களின் பெயரைச் சுமந்த கப்பல்களில் நம்மவர்கள் ஏறிப் போனார்கள் என்பதும் சரித்திரம்தான். பெயரை மறைக்கவேண்டாம், எழுதியே வையுங்கள். குழந்தைகள் கேட்பார்கள், சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

துறைமேடையில் யார் நிற்பது?

கடைகளில் விற்கும் மாதிரி மனிதர்களைப் பார்த்தால் தொப்பியும் கோட்டும் தோல்பெட்டியுமாக இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து தனுஷ்கோடியில் நிறுத்தினால் பாதி உண்மைதான் ஆகும். அந்தத் துறை வழியாகக் கடல் தாண்டியவர்களில் பெரும் பகுதியினர், தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன நமது ஜில்லாக்களின் ஏழைக் குடும்பங்கள். மழை பொய்த்து, கடன் முற்றி, கங்காணியின் பேச்சை நம்பிப் புறப்பட்டவர்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்து உடல் பரிசோதனை செய்தபிறகே அவர்களைக் கப்பலேற்றினார்கள். இலங்கை மலைகளில் அவர்கள் விளைவித்த தேயிலை உலகெங்கும் மணத்தது. அவர்களுக்கோ எந்த நாடும் சொந்த நாடாக இல்லாமல் போயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தத்தின்படி, அவர்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் கதி பின்னால் தீர்மானிக்க விடப்பட்டது. அந்தக் கையெழுத்து உலர்ந்து ஐம்பத்துமூன்று நாளில், அவர்களுடைய பாட்டனார்கள் கப்பலேறிய துறையே இல்லாமற் போயிற்று. பிறகு திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்தில் வந்திறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் ஏற்பட்டது.

ஆகவே நமது துறைமேடையில் தலையில் மூட்டை வைத்த ஒரு மனிதன், இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி ஆகிய மூவர் அவசியம் நிற்கவேண்டும். தீக்குச்சியும் மெழுகும் போதும், செய்துவிடலாம். சுங்க உத்தியோகஸ்தர், ராமேசுவர யாத்திரிகர், போர்ட்டர், தபால் பை சுமப்பவர் எல்லாரும் அதற்குப் பிறகு வரட்டும். 15 மில்லிமீட்டர் உயரந்தான். ஆனால் அந்த மூவர் இல்லாத தனுஷ்கோடி வெறும் பொம்மை. அவர்கள் நின்றால் அது சரித்திரம்.

யந்திரமும் கணக்கும் தச்சு வேலையும் சித்திரமும் ஒரே பலகையில் கூடுவதால், இது வீட்டார் எல்லாருக்கும் ஏற்ற வேலை. அண்ணன் பாதை போடட்டும். தங்கை கடலை எழுதட்டும். பாட்டனார் தமக்குத் தெரிந்த போட் மெயிலைப் பற்றிச் சொல்லட்டும். அன்னிய நாட்டுக் கிராமத்தையும் பனி பெய்த கூரைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்குவதில் நமது குழந்தைகள் கற்பது சொற்பம். நமது மண்ணில் ஓடி நின்றுபோன ஒரு வண்டியைத் தங்கள் கையாலேயே மறுபடி ஓட்டும்போது, அது ஏன் ஓடிற்று, யாரைச் சுமந்தது, ஏன் நின்றது என்று கேட்பார்கள். அந்த மூன்று கேள்விகளுக்கும் இடம் இருக்கிற வீட்டில், நாலடிப் பலகைக்கு இடம் கிடைக்காமல் போகாது.